மன்னவனூருக்குச் சைக்கிளில்

சீசன் முடிந்த கொடைக்கானலில் வாடகைச் சைக்கிளுக்கு வேலை கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் ஏரியைச் சுற்றி ஓடும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் சைக்கிள் கிடைக்காமல் ஆட்கள் காத்து நிற்பார்கள். செப்டம்பரில் அதே சைக்கிள்கள் தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் பிடித்துக் கிடக்கும். என் தாய்மாமன் ஏரிக்கரையில் அப்படி ஒரு கடையில் பஞ்சர் ஒட்டும் வேலை பார்த்தார். நிற்கிற வண்டிதான் கெட்டுப்போகும், ஓடுகிற வண்டி கெடாது என்பது அவர் கட்சி. கடை முதலாளியும் அதற்குத் தலையாட்டுவார். அந்தத் தயவில், எண்பதுகளின் கடைசியில், காலாண்டுப் பரீட்சை லீவு விட்டதும் ஒரு முழுச் சைக்கிளும் ஒரு முக்கால் சைக்கிளும் எங்களுக்குக் கிடைத்துவிடும். முழுச் சைக்கிளில் மாமாவும், பின்னால் கேரியரில் அண்ணனும். முக்கால் சைக்கிளில் நான். போக வேண்டிய இடம் மன்னவனூர். அங்கே அம்மாச்சி வீட்டில் அப்போது பூண்டு எடுக்கிற சமயம்.

பஸ் இருந்தது. ஆனால் மேல்மலைக் கிராமங்களுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் எனக்கு வாந்தி நிற்காது. குளிருக்காக ஜன்னல் ஷட்டரை எல்லாம் இறக்கி விட்டிருப்பார்கள். உள்ளே டீசல் வாடையும் கருவாட்டுக் கூடையும் ஈரக் கம்பளியும் சேர்ந்த ஒரு மணம். வளைவுக்கு வளைவு ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்வார்கள். வெளியே என்ன மலை, என்ன காடு என்று எதுவும் தெரியாது. அப்படிப் போய்வந்தவரைக்கும் மன்னவனூர்ச் சாலை என்றாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். சைக்கிளில் போனபோதுதான் அந்த 35 கிலோமீட்டரும் எனக்குத் தெரிய வந்தது.

விடிவதற்கு முன்னே கிளம்ப வேண்டும். அம்மா இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, காதை மூடி மப்ளரைக் கட்டி, பாவாடை செயினில் மாட்டாமலிருக்க முடிந்துவிடுவாள். தூக்குவாளியில் புளிச்சோறு. மாமாவின் சட்டைப் பையில் புது பிரேக் கட்டைகள். சாப்பாட்டை மறந்தாலும் மறப்பார், அதை மறக்க மாட்டார்.

ஏரியை விட்டதும் ஏற்றம். மிதித்து ஏறுவது நடக்காது. கியர் என்ற ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, உடம்பை முன்னே சாய்த்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வாயிலிருந்து ஆவி வரும். அண்ணன் என் வண்டியின் கேரியரைப் பிடித்துத் தள்ளுவான். மேலே வெள்ளைக் கூண்டுகள் தெரியத் தொடங்கினால் அப்சர்வேட்டரி வந்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். அங்கே நின்று மூச்சு வாங்குவோம். “இங்கதான் தாயி, தெனமும் சூரியனப் போட்டோ பிடிக்கிறாக” என்பார் மாமா. சூரியனில் என்ன இருக்கிறது தினமும் படம் எடுக்க என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. 1899இல் தொடங்கிய ஆய்வகம் அது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். நூறு வருஷத்துக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. மாமா சொன்னதில் ஒரு சொல்கூட மிகை இல்லை.

அப்சர்வேட்டரியைத் தாண்டினால் கடைத்தெருச் சத்தம் அற்றுப்போகும். இனிக் காடு.

காட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கும் காதும் கன்னமும் அறிந்துவிடும் என்பது சைக்கிளில் போகிறவருக்கு மட்டும் கிடைக்கிற பாடம். முதலில் வருவது யூகலிப்டஸ். ஜலதோஷத்துக்கு அம்மா நெற்றியில் தேய்க்கிற தைலத்தின் அதே மணம், காற்று முழுக்க. உரிந்த பட்டை சாலையில் சுருண்டு கிடக்கும். டயர் ஏறினால் சடசடவென்று நொறுங்கும். அடுத்தது பைன். அதற்குள் நுழைந்தவுடன் சத்தம் செத்துவிடும். தரை முழுக்கக் காய்ந்த ஊசியிலை. அதன் மேல் ஒரு புல் முளைத்திருக்காது, ஒரு பூச்சி கத்தாது. மரங்கள் ஒரே சீராக, ஒரே உயரமாக நிற்கும். அப்புறம் வாட்டில். சன்ன இலை, நெருக்கமான தண்டு. பூக்கிற காலத்தில் மஞ்சள் தூள் மேலெல்லாம் படியும். விறகுக்கட்டு சுமந்து வரும் பெண்கள் இந்த வாட்டில் காட்டிலிருந்துதான் இறங்குவார்கள். தலைச்சுமையோடு எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, “யாரு வீட்டுப் பிள்ள? பொட்டப்பிள்ள சைக்கிள் மிதிக்குதே!” என்று சிரிப்பார்கள். மாமா, “மன்னவனூர்ப் பேத்தி” என்பார். அந்த ஒரு பதிலே போதும். மேல்மலையில் ஊரைச் சொன்னால் உறவைச் சொன்ன மாதிரி.

சாலையோர மேடுகளில் இடுப்பளவு பச்சைப் புதர்கள் அடர்ந்திருக்கும். “இது குறிஞ்சி” என்று மாமா ஒருமுறை இறங்கிக் காட்டினார். பூ ஒன்றும் இல்லை. சொரசொரத்த இலைதான். “எண்பத்திரண்டுல பூத்துச்சு. மலையே ஊதாவாயிருச்சு. இனி தொண்ணூத்தி நாலுலதான்.” பூத்து, விதை உதிர்த்து, செடி செத்துவிடும், அந்த விதையில் முளைத்த பிள்ளைகள்தான் இவை. நான் விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு ஆகியிருக்கும். குறிஞ்சியைப் பூக்கிற வருஷத்தில் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். பூக்காத வருஷங்களில் அது மழையையும் பனியையும் வாங்கிக்கொண்டு சும்மா வளர்வதைப் பார்த்தது எனக்குக் கிடைத்த பாக்கியம்.

இனி இறக்கம். பூம்பாறை வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தான். இங்கேதான் மாமா வாத்தியார் ஆவார். பிரேக்கை ஒரே பிடியாகப் பிடிக்கக் கூடாது. பிடித்து விட வேண்டும், மறுபடி பிடித்து விட வேண்டும். தொடர்ந்து பிடித்தால் கட்டை சூடேறித் தேய்ந்துவிடும். முதலில் பின்பிரேக், அப்புறம்தான் முன்பிரேக். முன்னதை மட்டும் அமுக்கினால் ஆள் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய்க் குறைக்கக் கூடாது. மேகம் இறங்கி ரிம் நனைந்திருந்தால் பிரேக் உடனே பிடிக்காது. முதல் ஒன்றிரண்டு சுற்றில் ரப்பர் தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு வந்தால் பெல்லை விடாமல் அடிக்க வேண்டும். எதிரே பூண்டு லாரி வரலாம், மட்டக்குதிரை வரலாம். இதையெல்லாம் ஓடுகிற வண்டியிலிருந்தே திரும்பித் திரும்பிக் கத்துவார். காற்றில் பாதிதான் காதில் விழும்.

அந்த இறக்கத்தின் காற்றை என்னால் இன்றும் உடம்பில் உணர முடிகிறது. கண்ணில் நீர் வடிந்து காது வரை இழுத்துப் போகும். விரல் மரத்துப்போய் பிரேக் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று தெரியாது. மிதிக்க வேண்டியதே இல்லை. தள்ளிக்கொண்டு ஏறிய ஒவ்வொரு அடிக்கும் மலை கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்.

ஒரு வளைவில் மரங்கள் விலகி, கீழே பூம்பாறை முழுதாகத் தெரியும். கிண்ணம் போன்ற பள்ளத்தில் ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும் ஒன்றையொன்று ஒட்டிக் குவிந்திருக்கும். சுற்றிலும் அடுக்கடுக்காகப் படிவயல். உழுத அடுக்கு செம்மண், முளைத்த அடுக்கு இளம்பச்சை, கேரட் அடுக்கு கரும்பச்சை, உருளைக்கிழங்கு வாடத் தொடங்கிய அடுக்கு பழுப்பு. இன்று அந்த வளைவில் வேனை நிறுத்திப் படமெடுக்கிறவர்களுக்காகச் சோளம் சுடும் கடைகள் வந்துவிட்டன. எங்களுக்கு அது புளிச்சோறு தின்கிற இடம்.

ஊருக்குள் இறங்கினால் பூண்டு வாசம் ஆளைத் தூக்கும். திண்ணையில், மாடிப்படியில், மாட்டுக்கொட்டகைக் கூரையில் எங்கே பார்த்தாலும் தாளோடு கட்டிய பூண்டு. வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். புகை பட்டால் பூச்சி அண்டாது, மாதக்கணக்கில் கெடாது. உரிக்கும்போது கண் எரியும், கடித்தால் காது வரை காரம் ஏறும். மூட்டை கட்டிக் கீழே பெரியகுளத்துப் பக்கம் வடுகப்பட்டிச் சந்தைக்கு அனுப்புவார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது, எனக்கு அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்து தாளை அறுத்துக்கொண்டிருந்த பெண்களின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. தோலெல்லாம் வெடித்து, நகக்கண்ணில் மண் ஏறிய விரல்கள். பட்டம் யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும், உரியவர்கள் அவர்கள்.

ஊர் நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பார்கள். அருணகிரிநாதர் இங்கே வந்து தங்கிய இரவில், அவரைக் கொல்ல வந்த அரக்கிக்கு முருகன் அவர் பக்கத்தில் படுத்த குழந்தையாகத் தோன்றினான், அம்மாவும் பிள்ளையும் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்து அவள் திரும்பிப் போய்விட்டாள் என்று ஒரு கதையும் உண்டு. மாமா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்; அதற்குள் நாங்கள் டீக்கடைப் பெஞ்சில் இடம் பிடித்து, கண்ணாடி டம்ளரைக் கையால் பொத்திப் பொத்தி விரலுக்குச் சூடேற்றுவோம்.

பூம்பாறைக்குப் பிறகு சாலை குறுகும். கூக்கால் பிரிவைத் தாண்டி மன்னவனூர்ப் பக்கம் திரும்பியதும், எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காத அந்த இடம் வரும். வெயிலில் போய்க்கொண்டிருப்போம். ஒரு மடிப்பில் சாலை உள்வாங்கும். அங்கே திடீரென்று குளிர். படிப்படியாக இல்லை, ஒரே கோடாக. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் ஈரக் குளிர்ச்சி. கன்னத்தில் யாரோ குளிர்ந்த கையை வைப்பதாக நினைத்துக்கொள்வேன். அதுதான் சோலை.

சோலைக்குள் மரங்கள் உயரமில்லை. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, பாசியும் பெரணியும் போர்த்தி நிற்கும். எந்த மரத்தின் கிளை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சில மரங்களின் கொழுந்து சிவப்பாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருக்கிறதென்றே தோன்றும். விளிம்பில் காட்டுப்பூவரசு. பைன் காட்டில் செத்துப்போன சத்தமெல்லாம் இங்கே உயிரோடிருக்கும். எங்கிருந்தோ கருமந்தியின் உறுமல், சிரிப்பான் குருவிகளின் சளசளப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் தண்ணீர். மழை பெய்து வாரமானாலும் அந்த மடிப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மாமா இறங்கி, பாறையில் சொட்டுகிற நீரை ஒரு இலையைக் குழாயாகச் செருகிப் பிடிப்பார். பல் கூசும்.

ஒருமுறை அந்தத் திருப்பத்தில் காட்டுமாடு நின்றது. தனி ஆண் மாடு. கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை. சைக்கிளை மெதுவாகச் சாய்த்துவிட்டு மாமா எங்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். பெல் அடிக்கக் கூடாது, ஓடக் கூடாது, அதன் கண்ணைப் பார்க்கக் கூடாது. அது எங்களைப் பார்த்து மூச்சை ஊதியது. ஆவி தெரிந்தது. அப்புறம் தன் பாட்டுக்குச் சோலைக்குள் இறங்கிப் போனது. அவ்வளவு பெரிய உடம்பு போனதற்கு ஒரு குச்சி முறியும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்நாளில் காட்டுமாட்டைப் பார்ப்பதென்றால் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பேச்சு. இன்று கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே வருகின்றன. மேய்ச்சல் இருந்த இடம் போனால் மாடு என்ன செய்யும்?

சோலையை விட்டு வெளியே வந்தால் கடைசிப் பாடம், புல். மலை சட்டென்று அகன்றுவிடும். எந்த மரமும் மறைக்காமல் மேடு மேடாகப் புல்வெளி; காற்றடித்தால் முழு மலையும் அசையும். 1965 முதல் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தின் கம்பளி அடர்ந்த ஆடுகள் அந்தச் சரிவுகளில் மேயும். கீழே ஏரி. அந்த வெளியில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது ஏற்றத்தைவிடக் கடினம். ஆனாலும் நான் இறங்கித் தள்ள மாட்டேன். ஊர் கண்ணில் பட்டுவிட்டால் எப்படித் தள்ளிக்கொண்டு போவது?

அம்மாச்சி வாசலில் நிற்பாள். “வந்துட்டியா ஆத்தா” என்று என் இரண்டு கையையும் தன் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொள்வாள். அடுப்படியில் உருளைக்கிழங்கு சாம்பலில் வெந்துகொண்டிருக்கும். சுடச்சுடத் தோலை உரித்து, உப்பும் நசுக்கிய பூண்டும் வைத்துத் தின்போம்.

அந்த அடுப்படியில்தான் தாத்தா சொல்லி எனக்குக் காடு பிரிந்தது. வழியில் பார்த்ததை எல்லாம் நான் ஒப்பிப்பேன்: தைலமரம், பைன், வாட்டில், சோலை, புல். அவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார். “வாட்டிலு நாங்க வச்சது பிள்ள. கூலிக்குக் குழி வெட்டி நாந்தான் வச்சேன். தோல் பதனிடுறதுக்குப் பட்டை வேணுமின்னு சொன்னாக, கூழுக்கு மரம் வேணுமின்னு சொன்னாக. அதுக்கு முன்னாடி அங்க பூராவும் புல்லு. எங்கய்யா மாடு மேச்ச புல்லு. சோலை மட்டும் மடிப்புல, அப்படியே கெடந்துச்சு. அத யாரும் வைக்கல.” அவர் குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. கூலி கிடைத்தது, வைத்தார். ஆனால் அப்புறம் ஒன்று சொன்னார்: “வாட்டிலு வச்ச பொறவு ரெண்டு ஊத்து நின்னுபோச்சு.”

திரும்பும் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேரியரில் பூண்டுக் கட்டு, முழுக்க ஏற்றம், பெரும்பாலும் மழை. பாதித் தூரம் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அண்ணன் மூட்டை மேல் படுத்துத் தூங்கிவிடுவான்.

தாத்தா அடுப்படியில் சொன்னதை வெகுகாலம் கழித்து ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தார்கள். கொடைக்கானல் அடங்கிய பழனி மலைத்தொடரில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்திருக்கிறது. வளர்ப்பு மரத்தோட்டங்கள் ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டரிலிருந்து 217 சதுர கிலோமீட்டராகப் பெருகியிருக்கின்றன, பன்னிரண்டு மடங்கு. பாதி நடப்பட்ட மரத்தால், பாதி தானாகப் பரவிய வாட்டிலால் என்று பிரித்துச் சொல்வது இனிக் கடினம். வாட்டில் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டினால், தீ வைத்தால், அத்தனையும் முளைக்கும். புல்லும் சோலையும் சேர்ந்து மழையை மண்ணில் இருத்தி ஆண்டு முழுக்க ஓடையாக விட்டுவந்த ஏற்பாடு அது. அதில் புல் போனால் ஊற்று நிற்கும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தார்.

2013இல் இந்தக் காடுகள் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆயின. அந்நிய மரங்களை அகற்றி, இருந்த காட்டை மீட்கும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. நல்ல தொடக்கம், ஆனால் மெதுவாக, மலைக்குத் தக்கபடி நடக்க வேண்டிய வேலை. சில இடங்களில் வாட்டில் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே வாட்டிலை அவசரமாக வெட்டினால் அந்தக் கன்றும் சேர்ந்து போகும். எங்கே வெட்ட வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்பது அந்தந்தச் சரிவில் நின்று பார்த்தால்தான் தெரியும். மேல்மலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டும்.

இப்போது அந்தச் சாலையில் கியர் சைக்கிள்களில் இளைஞர்கள் வருகிறார்கள். ஹெல்மெட், கையுறை, வண்டியிலேயே தண்ணீர்க் குப்பி. எனக்கு அவர்களைக் கண்டால் நிறுத்திப் பேசத் தோன்றும். பேசினால் இதைத்தான் சொல்வேன். விடியலில் கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள் வந்துவிடும், இறக்கத்தில் அவை உங்களுக்கு இடம் தராது. பிரேக்கைப் பிடித்து விட்டுப் பிடியுங்கள். பூம்பாறையில் பூண்டு வாங்கினால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமே வாங்குங்கள், விலை பேசாதீர்கள். குளிர் கோடு போட்ட மாதிரி கன்னத்தில் படும் இடத்தில் இறங்கி நில்லுங்கள். உள்ளே நுழைய வேண்டாம், பாட்டுப் போட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. மன்னவனூர்ப் புல்மேட்டைப் பார்த்துவிட்டு, “மொட்டை மலையாகக் கிடக்கிறதே, மரக்கன்று நடலாமே” என்று நல்ல மனதோடு கிளம்புகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு என் வேண்டுகோள்: அது மொட்டை மலை இல்லை. அந்த மலை பிறந்த நாளிலிருந்து போட்டிருக்கும் போர்வை அது. மரம் நட ஆசையாக இருந்தால் உங்கள் ஊரில், உங்கள் தெருவில் நடுங்கள். இங்கே புல்லை விட்டுவிடுங்கள்.